அடிக்கல் நாட்டிய செய்தி அன்றே கைக்கு வர: விற்பனைக்கு கூகுள் அலர்ட்ஸ், முழுமையான வழிகாட்டி

கோவையில் கேன்டீன் சமையலறைச் சாமான் செய்து விற்கிறோம். டில்டிங் கிரைண்டர், இட்லி ஸ்டீமர், சாதம் வேகும் ஸ்டீம் அண்டா, தோசைத் தட்டு, பாத்திரம் கழுவும் சிங்க் என்று எல்லாமே எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில். ஹோட்டல்காரர்களும் வாங்குவார்கள். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது தொழிற்சாலை கேன்டீன்கள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓசூர்ப் பக்கம் ஒரு புதுத் தொழிற்சாலை வருகிற விஷயம் எங்கள் காதுக்கு எட்டியபோது, அங்கே மத்தியானச் சாப்பாடே பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். அடிக்கல் நாட்டிய செய்தி பேப்பரில் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் தினமும் பேப்பர் படிக்கிறவன். என்ன செய்வது, அந்தச் செய்தி வந்தது வேறு ஊர்ப் பதிப்பில். கோவைப் பதிப்பில் இல்லை.

அந்தக் கடுப்பில்தான் கூகுள் அலர்ட்ஸ் பக்கம் போனேன். 2003-லிருந்து இருக்கிற இலவச சேவை. ஒரு சொல்லைக் கொடுத்துவைத்தால், அந்தச் சொல் உள்ள புதுப் பக்கம் எதையாவது கூகுள் கண்டுபிடிக்கும்போது உங்களுக்கு மெயில் வரும். பலரும் இதை ஒரு தடவை முயன்று பார்த்திருப்பார்கள். கம்பெனி பேரைப் போட்டிருப்பார்கள், பத்து நாள் ஒன்றும் வராது, மறந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கருவியில் குறையில்லை. போட்ட சொல்லில்தான் குறை.

முதல் வேலை: கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு தாள் எடுங்கள்

உங்கள் பொருளை ஒருவர் வாங்குவதற்கு முன்னால் அவர் தொழிலில் என்ன நடக்கிறது? அது செய்தியாக வந்தால் எந்தச் சொல்லில் வரும்? இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

‘கேன்டீன் கிரைண்டர் வேண்டும்’ என்று எந்தத் தொழிற்சாலையும் பேப்பரில் அறிக்கை விடாது. ஆனால் ‘500 பேருக்கு வேலை கிடைக்கும்’ என்று செய்தி வரும். எனக்கு அந்த 500 போதும். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்கச் சொல்லி மாநில அரசு விதி போட இடம் கொடுத்தது. 2020-இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக இறக்கிவிட்டது, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து. ஆக, ‘வேலைவாய்ப்பு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மூன்று இலக்க எண் இருந்தால் அது எங்களுக்கு விற்பனைச் செய்தி. உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு சொல் இருக்கும். அட்டைப்பெட்டி செய்கிறவருக்கு அது ‘ஏற்றுமதி’யாக இருக்கலாம், லிஃப்ட் விற்கிறவருக்கு ‘ஐந்து மாடி’யாக இருக்கலாம். சிசிடிவி விற்கிறவருக்குத் திருட்டுச் செய்தி. ஆனால் திருடு போன வீட்டுக்கு மறுநாள் காலையில் போன் போடாதீர்கள், அசிங்கம். அந்த நகரின் குடியிருப்போர் சங்கத்தை ஒரு வாரம் கழித்துப் பிடியுங்கள்.

அடுத்து, நேரம். தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் 2024 ஜனவரி, அடிக்கல் 2024 பிப்ரவரி, திறப்பு விழா 2025 ஆகஸ்ட். அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவே பத்தொன்பது மாதம். பல திட்டங்களில் இதைவிட இழுக்கும். சிலது நடக்காமலே போகும். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே போன் போட்டால் பேச அங்கே ஆளே இருக்காது. திறப்பு விழா அழைப்பிதழைப் பார்த்துவிட்டுப் போட்டால், ஓசூரில் எனக்கு நடந்ததுதான். எங்கள் தொழிலுக்குச் சரியான நேரம் அடிக்கல் நாட்டியதிலிருந்து தளம் போடுவதற்கு முன்னால் வரை. சமையலறைக் கழிவுநீர் போகும் வழி அப்போதுதான் முடிவாகும். பெயின்ட் விற்கிறவருக்கு இதே கட்டடத்தில் நேரம் வேறு, சீருடை தைக்கிறவருக்கு வேறு.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டார்கள், மொத்தம் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு. அந்த நேரத்தில் ‘ஒப்பந்தம்’ என்று அலர்ட் போட்டிருந்தால் மெயில் பெட்டி தாங்காது. ‘அடிக்கல்’ என்று போட்டால் வருவது கம்மி, வேலைக்கு ஆவது ஜாஸ்தி.

அலர்ட் போடுவது

ஜிமெயில் கணக்கில் உள்ளே போய், கூகுளில் ‘கூகுள் அலர்ட்ஸ்’ என்று தேடினால் முதலில் வருவதே அந்தப் பக்கம்தான். மேலே ஒரு பெட்டி. அதில் சொல்லைத் தட்டினால் கீழே விருப்பங்கள் என்று ஒரு இணைப்பு வரும். முக்கால்வாசிப் பேர் அதைத் திறக்காமலே அலர்ட்டை உருவாக்கிவிடுகிறார்கள். திறங்கள். ஆறு தேர்வுகள் இருக்கும்.

எவ்வளவு அடிக்கடி என்பதில் ‘ஒரு நாளைக்கு ஒருமுறை’ வையுங்கள். கிடைக்கக் கிடைக்க உடனே அனுப்பு என்பது சொந்தக் கம்பெனி பேருக்கு மட்டும். மற்றதற்கும் அதையே வைத்தால் நாள் முழுக்க போன் டிங் டிங் என்று அடிக்கும், மூன்றாம் நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவீர்கள். எங்கிருந்து எடுப்பது என்பதைத் தானியங்கியாகவே விடலாம். செய்தி மட்டும் என்று சுருக்கினால் மாவட்ட நிர்வாகத் தளங்களில் வரும் அறிவிப்புகள் விட்டுப்போகும்.

மொழியில் கவனம். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று தனித்தனி அலர்ட் போடுங்கள். பகுதி என்ற இடத்தில் இந்தியா என்று வைப்பது சரிபோலத் தோன்றும், நான் எல்லாப் பகுதியும் என்றே விட்டிருக்கிறேன். இங்கே வருகிற தொழிற்சாலைகளில் பல வியட்நாம், தைவான், கொரியாக் கம்பெனிகளுடையவை. இங்கே எந்த மாதம் உற்பத்தி தொடங்கும் என்பது சில சமயம் அவர்கள் ஊர் ஆங்கிலப் பத்திரிகையில்தான் முதலில் வரும்.

எத்தனை முடிவுகள் என்ற தேர்வில் தமிழ் அலர்ட்டுக்கு எல்லா முடிவுகளும், ஆங்கிலத்துக்குச் சிறந்த முடிவுகள் மட்டும். தமிழில் வருவதே குறைவு, அதையும் கூகுள் வடிகட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. கடைசியாக, எங்கே அனுப்புவது: மெயிலுக்கா, ஆர்எஸ்எஸ் ஓடைக்கா (புதுச் செய்திகள் தானாக வந்து சேரும் ஒரு இணைய முகவரி). அதைப் பிறகு பார்ப்போம்.

உருவாக்கும் முன் கீழே மாதிரி காட்டும். அதை அவசியம் படியுங்கள். அதில் உருப்படியாக இரண்டு செய்திகூட இல்லை என்றால் சொல்லை மாற்றுங்கள்.

சொல்லைச் செதுக்குவது

என் முதல் தமிழ் அலர்ட் வெறும் ‘அடிக்கல்’. மறுநாள் வந்த மெயிலில் சமுதாயக் கூடத்துக்கு அடிக்கல், நிழற்குடைக்கு அடிக்கல், ரேஷன் கடைக்கு அடிக்கல், மேல்நிலைத் தொட்டிக்கு அடிக்கல். நம் ஊர் எம்எல்ஏக்கள் இவ்வளவு உழைக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. ‘வேலைவாய்ப்பு’ அதைவிட மோசம், எல்லாம் வேலைவாய்ப்பு முகாமும் தேர்வு அறிவிப்பும்.

இதைச் சரிசெய்ய நாலு குறிகள் போதும். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அது அப்படியே வர வேண்டும் என்று பொருள். வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடம் விடாமல், கழித்தல் குறி. இரண்டில் ஒன்று வந்தால் போதும் என்றால் நடுவில் ஆங்கில ‘ஆர்’ (OR), இரண்டு எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சின்ன எழுத்தில் போட்டால் கூகுள் அதைக் குறியாக எடுக்காது. நாலாவது, ஒரே இணையதளத்துக்குள் தேட ‘சைட்’ (site) என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் தள முகவரி. தலைப்பில் மட்டும் தேட ‘இன்டைட்டில்’ (intitle:) என்று ஒரு குறி உண்டு. ஆங்கிலச் செய்திக்கு அது நன்றாக உதவும்.

இப்போது என் அலர்ட் இப்படி இருக்கிறது:

சிப்காட் அடிக்கல் தொழிற்சாலை -ரேஷன் -நிழற்குடை -முகாம்

இன்னொன்று:

"பொதுமக்கள் கருத்துக் கேட்பு" தொழிற்சாலை

இந்த இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை. சாயம், மருந்து, ரசாயனம் போன்ற பல பெரிய ஆலைகள் சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்னால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் வெளியிட வேண்டும். அந்தச் சுருக்கத்தைப் படித்தால் எத்தனை ஏக்கர், எவ்வளவு தண்ணீர், எத்தனை பேர் வேலை செய்யப்போகிறார்கள் என்பது வரை பெரும்பாலும் இருக்கும். செய்தியாளர் எழுதும் நாலு வரியைவிட இது எவ்வளவோ மேல். என் போட்டியாளர்கள் இதைப் படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், இனிமேல் படிப்பார்கள்.

தமிழுக்கே உரிய தொல்லைகள்

ஆங்கிலத்தில் எழுதிய அலர்ட் வழிகாட்டி எதிலும் இது இருக்காது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் சொற்கள் வேற்றுமை ஏற்கும். ‘தொழிற்சாலை’ என்று மேற்கோளுக்குள் போட்டால் ‘தொழிற்சாலைக்கு’, ‘தொழிற்சாலையை’, ‘தொழிற்சாலையில்’ எல்லாம் நழுவ வாய்ப்புண்டு. அதனால் தமிழில் ஒற்றைச் சொல்லை மேற்கோளில் அடைக்காதீர்கள். செய்தித் தலைப்பில் எந்த உருவம் வழக்கமாக வரும் என்று பார்த்து அதையே கொடுங்கள். ‘தொழிற்சாலைக்கு அடிக்கல்’ என்று தலைப்பு வருமே தவிர, ‘தொழிற்சாலை அடிக்கல்’ என்று யாரும் எழுதுவதில்லை. கழித்தல் குறியிலும் இதே வம்பு. ‘-கோயில்’ என்று போட்டேன், ‘கோயிலுக்கு’ம் ‘கோவில்’லும் சாவகாசமாக உள்ளே வந்தன.

ஊர்ப் பேர் இன்னொன்று. தமிழ்ப் பேப்பரில் கோயம்புத்தூர் என்று அதிகம் எழுத மாட்டார்கள், கோவை. திருநெல்வேலி நெல்லை ஆகும், கன்னியாகுமரி குமரி ஆகும். ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம். தூத்துக்குடியை அப்படியே எழுதுகிறவர்களும் உண்டு, டூட்டிகோரின் என்று எழுதுகிறவர்களும் உண்டு. திருப்பூருக்கு ஒரு ‘பி’ போடுவார் ஒருவர், இரண்டு போடுவார் இன்னொருவர். 2020-இல் ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி அரசு ஆணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அந்தக் குழப்பத்தின் மிச்சமும் அங்கங்கே இருக்கிறது. எல்லா எழுத்துக்கூட்டையும் பெரிய எழுத்து ‘ஆர்’ நடுவில் வைத்து ஒரே அலர்ட்டில் கோத்துவிடுங்கள்.

மெயில் குவியாமல் இருக்க

அலர்ட்ஸ் பக்கத்தில் பல்சக்கரப் படத்தைத் தட்டினால் இரண்டு வசதிகள். எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒன்று, எல்லா அலர்ட்டையும் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்பு என்பது மற்றொன்று. இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் காலை எட்டு மணி வைத்திருக்கிறேன், ஷெட்டில் வெல்டிங் சத்தம் ஆரம்பிக்கும் முன் படித்துவிடலாம். ஜிமெயிலில் ஒரு அலர்ட் மெயிலைத் திறந்து, இதுபோன்றவற்றை வடிகட்டு என்பதைக் கொடுத்து, தனி லேபிள் போட்டுவிட்டால் வாடிக்கையாளர் மெயிலோடு கலக்காது.

ஆபீஸில் மூன்று பேர் பார்க்க வேண்டும் என்றால் ஆர்எஸ்எஸ் நல்லது. ஓடையின் முகவரியை ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஓடை படிக்கும் செயலி ஏதாவது ஒன்றில் ஒட்டினால் எல்லோரும் ஒரே இடத்தில் படிக்கலாம். 2013-இல் கூகுள் ரீடரை மூடியபோது இந்த ஆர்எஸ்எஸ் வசதியும் போய், சில மாதத்தில் திரும்பி வந்தது. இலவசச் சேவை, கூகுள் எப்போது என்ன செய்யும் என்று தெரியாது. ஆகவே உங்கள் அலர்ட் சொற்களையெல்லாம் ஒரு ஷீட்டில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தியை வாசிப்பது

இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள்: ‘12 ஏக்கரில் ரூ.120 கோடியில் அமையும் இந்த ஆலையில் 400 பேருக்கு வேலை கிடைக்கும். அடுத்த ஆண்டு டிசம்பரில் உற்பத்தி தொடங்கும்.’

விளம்பர ஏஜென்சிக்காரர் 120 கோடியைப் பார்ப்பார். நான் பார்ப்பது 400-ஐயும் டிசம்பரையும். மூன்று ஷிஃப்ட் ஓடினால் பெரிய ஷிஃப்ட்டில் 150, 200 சாப்பாடு. அதற்கு ஒரு ஸ்டீம் பாய்லர், மூன்று அண்டா, ஒரு இட்லி ஸ்டீமர், இரண்டு கிரைண்டர். டிசம்பரில் உற்பத்தி என்றால் செப்டம்பரில் சாமான் இறங்க வேண்டும், ஜூலையில் ஆர்டர், அதற்கும் முன்னால் டிராயிங். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, பேச வேண்டிய மாதத்தை ஷீட்டில் எழுதிவிடுவேன்.

ஷீட்டில் ஆறு பத்திதான்: தேதி, கம்பெனி, ஊர், எத்தனை பேர், எந்தக் கட்டம், அடுத்து யார் எப்போது பேசுவது. கடைசிப் பத்தி காலியாக இருக்கும் வரியை வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. பேச ஆள் போடுங்கள், இல்லையென்றால் வரியை அழியுங்கள். அலர்ட் போட்ட முதல் ஆறு மாதம் எனக்கு வியாபாரம் ஒன்றும் கூடவில்லை. காரணம் இதுதான். படித்தேன், ‘அட!’ என்றேன், அடுத்த மெயிலுக்குப் போனேன்.

போன்

‘உங்களைப் பற்றி எனக்கு அலர்ட் வந்தது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வேவு பார்த்த மாதிரி இருக்கும். போன மாதம் நடந்த ஒரு பேச்சு, ஏறக்குறைய இப்படி:

“வணக்கம் சார், கோவையிலிருந்து பேசுறேன். உங்க புது யூனிட்டுக்குப் பூமி பூஜை போட்டதைப் பேப்பர்ல பார்த்தேன். வாழ்த்துகள் சார்.”

“நன்றிங்க. என்ன விஷயம்?”

“நாங்க ஃபேக்டரி கேன்டீன் கிச்சன் செய்யறோம். இப்ப சாமான் விக்கறதுக்குப் பேசலை சார். தளம் போடறதுக்கு முன்னால கிச்சன் டிரெய்னும் எக்ஸ்ஹாஸ்ட் போற வழியும் டிராயிங்ல வந்துட்டா, அப்புறம் உடைக்க வேண்டியிருக்காது. லேஅவுட் நாங்களே போட்டுத் தர்றோம், காசு வேண்டாம். அதைப் பார்க்கறவர் யாருன்னு சொன்னீங்கன்னா அவர்கிட்டப் பேசிக்கறேன்.”

“அட, கேன்டீனை இன்னும் யோசிக்கவே இல்லைங்க. புராஜெக்ட் மேனேஜர் நம்பர் தர்றேன், அவர்கிட்டப் பேசுங்க.”

அவர் யோசிக்காத ஒன்றை, அவருக்கு நஷ்டம் வருவதற்கு முன்னால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் செய்தி சூடாக இருந்ததுதான். மூன்று மாதம் கழித்து இதே பேச்சைப் பேசினால், “தளம் போட்டாச்சுங்க” என்பார். ஆனால் ஒரே செய்தியை வைத்து வாரம் மூன்று முறை கூப்பிடாதீர்கள். ஒரு போன், ஒரு மெயில், அப்புறம் ஷீட்டில் குறித்த மாதத்தில் இன்னொரு போன்.

மார்க்கெட்டிங் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு இதில் பலன் குறைவு. உங்கள் கம்பெனி பேர், அதன் தப்பான எழுத்துக்கூட்டுகள், போட்டியாளர் இரண்டு பேர் பெயர், உங்கள் பொருளோடு ‘எப்படித் தேர்ந்தெடுப்பது’, ‘விலை’ போன்ற சொற்கள், இவ்வளவு போதும். யாராவது உங்கள் பேரை எழுதி, தளத்துக்கு இணைப்பு கொடுக்காமல் விட்டிருந்தால் நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், பலர் கொடுத்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். ‘சைட்’ குறியோடு உங்கள் சொந்தத் தளத்தின் முகவரியைப் போட்டு, பக்கத்தில் கேசினோ, வயாகரா போன்ற சொற்களை ஆங்கிலத்தில், பெரிய எழுத்து ‘ஆர்’ நடுவில் வைத்துக் கொடுங்கள். கிரைண்டர் விற்கிற தளத்தில் கேசினோ என்று அலர்ட் வந்தால் யாரோ உள்ளே புகுந்துவிட்டான் என்று பொருள். தளத்தின் முகப்பில் ஒன்றும் தெரியாது, கூகுளுக்கு மட்டும் காட்டும்படி பக்கங்களை ஒளித்து வைத்திருப்பார்கள்.

இது பிடிக்காதவை

வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுவது வராது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இருந்து அபூர்வமாக ஏதாவது வரும், நம்ப முடியாது. அச்சில் மட்டும் வரும் மாவட்டப் பக்கச் செய்திகள் வராது. அதற்கு ஓசூரிலும் தூத்துக்குடியிலும் ஒரு டீலரையோ பழைய வாடிக்கையாளரையோ போனில் பிடித்து வைத்திருப்பதே வழி. அரசு டெண்டர்களுக்கும் இதை நம்பாதீர்கள். டெண்டர் தளங்களில் உள்ளே போய்த் தேடினால்தான் பட்டியல் விரியும், அங்கெல்லாம் கூகுள் ஒழுங்காக எட்டாது. தமிழ்நாடு அரசின் டெண்டர் தளத்தையும் மத்திய அரசின் கொள்முதல் தளமான ஜெம்மையும் வாரத்துக்கு இரண்டு நாள் நேராகவே திறந்து பார்க்க ஒருவரை வையுங்கள்.

பழைய செய்தி புதிதுபோல வருவதும் உண்டு. ஒரு தளம் தன் பக்கங்களை மாற்றி அமைத்தால் மூன்று வருஷத்துக்கு முந்தைய அடிக்கல் இன்று காலை மெயிலில் நிற்கும். போன் போடும் முன் தேதியைப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் வாழ்த்துச் சொல்லி, எதிர்முனையில் இருந்தவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஆலையின் மூன்றாம் ஆண்டு ஆயுதபூஜைக்கு அவர் பொரி வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் ஓடிய பிறகு உட்கார்ந்து களை எடுங்கள். எந்த அலர்ட்டிலிருந்து ஷீட்டுக்கு ஒரு வரிகூட வரவில்லையோ அதை அழித்துவிடுங்கள், குப்பை அதிகம் வருவதற்குக் கழித்தல் குறியில் இன்னும் இரண்டு சொல் சேருங்கள். நான் 34 அலர்ட்டில் ஆரம்பித்தேன். இப்போது இருப்பது ஒன்பது. அதில் ‘கருத்துக் கேட்பு’ அலர்ட் மாதத்துக்கு இரண்டு மெயில்தான் தருகிறது. நான் முதலில் திறப்பது அதைத்தான்.